வேலை எங்கே நடக்கிறது, ரீச்சர்?

கேள்வி: கரவெட்டியில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை நான். உயர்தரப் பிள்ளைகளுக்குச் சூமில் வகுப்பு எடுக்கிறேன். வன்னியில் இருந்து சிலரும் லண்டனில் இருந்து இரண்டு பேரும் சேர்கிறார்கள். என்னிடம் இருப்பது 2017 இல் வாங்கிய மேசைக் கணினி. ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. திறக்கவே ஐந்து நிமிடம் எடுக்கிறது. கடைக்காரத் தம்பி, "ரீச்சர், இனி ஏஐ பிசி இல்லாட்டி ஒண்டும் ஓடாது" என்கிறார். மகள் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கப் போகிறாள். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் அண்ணர் ரொறன்ரோவில் இருந்து ஏஐ லப்டொப் ஒன்றும் வைபை 7 ரவுட்டர் ஒன்றும் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். மழைக்காலத்தில் இன்ரநெற் அடிக்கடி அறுகிறது, ஸ்டார்லிங்க் போடலாமா? எங்கள் ஒழுங்கை வாசலில் உள்ள தூண் வரை பைபர் வந்துவிட்டது. பி.கு: பழைய யூபிஎஸ் பற்றரி ஒன்று விறாந்தையில் கிடக்கிறது. அதை என்ன செய்வது?

பதில்:

ரீச்சர், கடிதம் கிடைத்தது. கணக்கு ஆசிரியை என்பது எழுத்திலேயே தெரிகிறது. கேட்க வேண்டிய விபரம் எல்லாவற்றையும் நீங்களே தந்துவிட்டீர்கள். எனக்கு வருகிற பாதிக் கடிதங்கள் "கொம்பியூட்டர் ஸ்லோ, என்ன செய்யலாம்" என்ற ஒரு வரியோடு நின்றுவிடும்.

யாழ்ப்பாண நகரில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணினி திருத்துகிறேன். யார் எதை வாங்கலாமா என்று கேட்டு வந்தாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: உங்கள் வேலை எங்கே நடக்கிறது? உங்கள் மேசையிலா, எங்கோ தூரத்து நாட்டில் இருக்கும் சேர்வரிலா, அல்லது இரண்டுக்கும் இடையில் ஓடுகிற வயரிலா? உங்கள் கேள்விகள் அத்தனைக்கும் இதை வைத்தே பதில் சொல்லிவிடலாம்.

முதலில் அந்தத் தம்பி சொன்ன ஏஐ பிசி. சட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ ஒரு கேள்வி கேட்டால், உங்கள் கணினி செய்வது தபால்காரர் வேலை மட்டும். கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பதிலை வாங்கிவரும். யோசிக்கிற வேலை வெளிநாட்டில் ஒரு தரவு நிலையத்தில் நடக்கிறது. ஆகவே உங்கள் 2017 இயந்திரத்தில் கேட்டாலும், அண்ணர் கொண்டுவரும் புது லப்டொப்பில் கேட்டாலும், பத்து வருடப் பழைய போனில் கேட்டாலும் வருவது ஒரே பதில்தான்.

அப்படியானால் ஏஐ பிசி என்று விற்பது எதை? மத்திய சிப்புக்குள் என்பியு என்று தனியாக ஒரு பகுதி வைக்கிறார்கள். சில ஏஐ வேலைகளைக் குறைந்த கரண்டில் அந்தக் கணினியிலேயே செய்து முடிக்க அது உதவும். சூமில் உங்களுக்குப் பின்னால் இருக்கும் அலுமாரியை மங்கலாக்குவது, பேச்சைக் கேட்டு அடியில் எழுத்தாகக் காட்டுவது போன்றவை. மைக்ரோசொப்ட் 2024 இல் "கொபைலட் பிளஸ்" என்று ஒரு தரம் வகுத்தது. 40 டொப்ஸ் வேகமுள்ள என்பியு, குறைந்தது 16 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பு இருந்தால்தான் அந்தப் பெயர். 40 டொப்ஸ் என்றால் விநாடிக்கு 40 இலட்சம் கோடி கணிப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "ஏஐ பிசி" என்ற ஸ்டிக்கருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இன்டெல் 2023 டிசம்பரில் விட்ட முதலாவது கோர் அல்ட்ரா சிப்புகளின் என்பியு 11 டொப்ஸ் அளவில்தான் நிற்கிறது. அவையும் ஏஐ பிசி என்றே விற்கப்பட்டன. இரண்டு ஸ்டிக்கரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கடையில் யாருக்கு வித்தியாசம் தெரியும்? தம்பியைக் குறை சொல்லவில்லை. அவருக்குப் பெட்டியில் என்ன எழுதி வருகிறதோ அதைச் சொல்கிறார்.

உங்களுக்கு என்பியு தேவையில்லை. மகளுக்கு? அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்கள் பழைய இயந்திரம். விண்டோஸ் 10 க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். உங்களுடையது ஏழு. ஒரு படி குறைந்துபோனது! வேகத்தில் எட்டுக்கும் ஏழுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. கோட்டை அங்கே கீறிவிட்டார்கள், அவ்வளவுதான். உலகம் முழுவதும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ இயந்திரங்களை அந்தக் கோடு குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு.

உடனே செய்ய வேண்டியது ஒன்று. வீட்டுப் பாவனையாளருக்கு இன்னும் ஒரு வருடம், அதாவது 2026 ஒக்டோபர் 13 வரை, பாதுகாப்புப் புதுப்பிப்பு தருகிறார்கள். செற்றிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் அதில் சேர்வதற்கான இணைப்பு இருக்கும். மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து உங்கள் செற்றிங்ஸைக் கிளவுட்டில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு கட்டத் தேவையில்லை. அல்லாவிட்டால் 30 டொலர்.

சில கடைகளில் குறுக்குவழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருவார்கள். ஓடும். ஆனால் வருடா வருடம் வருகிற பெரிய புதுப்பிப்பு அதில் தானாக இறங்கும் என்ற நிச்சயம் இல்லை. வகுப்பு எடுக்கிற இயந்திரத்தில் அந்த விளையாட்டை நான் செய்யமாட்டேன். அந்த ஒரு வருடம் முடிய, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடலாம். இலவசம், உங்கள் 8 ஜிபியில் தாராளமாக ஓடும், சூமும் அதில் உண்டு.

ஐந்து நிமிடம் எடுத்துத் திறக்கிறது என்றீர்களே, அதற்குக் காரணம் சிப் இல்லை. உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு சுற்றும் தட்டு இல்லாத சேமிப்பான எஸ்எஸ்டி ஒன்று, 256 ஜிபி சாட்டா வகை, போடுங்கள். அரை நிமிடத்துக்குள் திறக்கும். போன மாதம் வடமராட்சிப் பக்கம் இருந்து இதேபோல ஒன்று வந்தது. மூடியைக் கழற்றினால், பவர் சப்ளைக்கு மேலே வெள்ளை வெளேரென்று மூன்று பல்லி முட்டை. ஒன்று பொரித்து ஓடிவிட்டது போல, கோது மட்டும் இருந்தது. விசிறியில் தூசி பஞ்சுபோல அடைந்து, சிப் சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. தூசி தட்டி, சிப்புக்கு மேலே காய்ந்துபோன பசையை மாற்றி, எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். அந்த ஐயா அதை வாங்கிக்கொண்டு போய், "புதுசு மாத்தி வச்சிட்டீரோ" என்று போன் எடுத்தார். கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இன்னொரு சில்லெடுப்பு உண்டு. உப்புக்காற்று ராம் காலில் பாசி பிடித்ததுபோலப் படியும். ராமைக் கழற்றி, பொன் நிறக் காலைச் சாதாரண அழிறப்பரால் மெல்லத் துடைத்துப் போட்டாலே பாதிக் கோளாறு தீரும்.

ஆக, உங்கள் சூம் வகுப்புக்கு இந்த இயந்திரம் போதும். காசைச் சேமித்து மகளிடம் திருப்புங்கள்.

ஆனால் ஏஐ காலத்துக்கு உங்களிடம் மாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது, ரீச்சர். நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். உங்கள் வினாத்தாள்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கும், இல்லையா? இந்த ஊரில் கணினியில் கை வைத்த ஆசிரியர்களில் பாமினி தெரியாதவர் குறைவு. பாமினியில் நீங்கள் அம்மா என்று ரைப் பண்ணினால் திரையில் அம்மா தெரியும். கணினி உள்ளே சேமிப்பது சில ஆங்கில எழுத்துகளையும் ஒரு அரைப்புள்ளியையும். தமிழ் முகமூடி போட்ட ஆங்கிலக் குப்பை அது. எழுத்துரு இல்லாத போனுக்கு அனுப்பினால் முகமூடி கழன்றுவிடும், பிள்ளை "ரீச்சர் ஏதோ சைபர் அற்றாக்" என்று சிரிக்கும். கோப்புக்குள் "நிகழ்தகவு" என்று யூனிகோட்டில், அதாவது உலகம் முழுவதும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், தேடினால் கிடைக்காது. கூகிளுக்கும் அது தமிழ் என்று தெரியாது. சட்ஜிபிடியிடம் அதைக் கொடுத்து இதேபோலப் பத்துக் கேள்வி தா என்றால் என்ன தரும் என்று நீங்களே பாருங்கள்.

யூனிகோட்டில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கொடுத்தாயிற்று. நாங்கள்தான் இன்னும் பாமினியோடு குடும்பம் நடத்துகிறோம். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன. ஒரு பொறியை மட்டும் கவனியுங்கள். அது கணக்கு ரீச்சர்மாருக்கு என்றே வைத்த பொறி. வினாத்தாள் முழுவதையும் அள்ளி ஒரு மாற்றிக்குள் ஒட்டினால், தமிழோடு சேர்த்து உங்கள் சமன்பாட்டில் இருக்கும் ஆங்கில எழுத்துகளையும் அது பாமினி என்று நினைத்து மாற்றிவிடும். எக்ஸ் எல்லாம் "ஒ" ஆகிவிடும், வை எல்லாம் "ல" ஆகிவிடும். பிறகு "ஒ சக ல சமன் 7" என்று ஒரு வினாத்தாள்! ஒரு பாடசாலைக்கு நானே அப்படி மாற்றிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேர்ட் கோப்புக்குள் எழுத்துருவின் பெயரைப் பார்த்து, பாமினியில் இருக்கும் துண்டுகளை மட்டும் மாற்றுகிற கருவியைப் பாவியுங்கள். மூலக் கோப்பை ஒரு பென் டிரைவில் அப்படியே வைத்திருங்கள். விரல் பழக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அதே பாமினி விசைகளை வைத்துக்கொண்டு யூனிகோட்டில் ரைப் பண்ணுகிற விசைப்பலகைகளும் உண்டு.

சரி, மகளின் லப்டொப்.

கணினி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைக்கு வேலை பெரும்பாலும் மேசையில்தான் நடக்கும். புரோகிராம் எழுதுவது, ஓட்டிப் பார்ப்பது, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கிப் பார்ப்பது. இதற்கெல்லாம் பசி ராம் மேல். ஆகவே 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம், 512 ஜிபி எஸ்எஸ்டி. என்பியு இருந்தால் இருக்கட்டும், அதற்கென்று கூடக் காசு கொடுக்க வேண்டாம். சின்ன ஏஐ மொடல் ஒன்றைச் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டாலும், அதற்கான பிரபலமான கருவிகள் பெரும்பாலும் மத்திய சிப்பையும் கிராபிக்ஸ் சிப்பையும்தான் நம்புகின்றன. 800 கோடி அளவுருக்கள் (அது கற்றுவைத்திருக்கும் எண்கள்) உள்ள ஒரு மொடலைச் சுருக்கினால் 5 ஜிபி அளவில் வரும். 16 ஜிபி ராமில் அது அடங்கும், 8 ஜிபியில் திணறும். அதைவிடப் பெரிய பயிற்சி வேலைக்கு, இணையத்திலேயே புரோகிராம் ஓட்டும் சேவையான கூகிள் கொலாப் இலவசமாகவே ஒரு கிராபிக்ஸ் சிப்பைக் கொஞ்ச நேரம் கடன் தருகிறது.

இங்கே அவசரத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2025 இன் கடைசியில் இருந்து ராம் விலை ஏறு ஏறென்று ஏறுகிறது. காலையில் மொத்தக் கடைக்காரர் சொன்ன விலையை மாலையில் கேட்டால், "அண்ணை, அது காலமை விலை" என்கிறார். இதற்கும் அந்தத் தூரத்து நாட்டுத் தரவு நிலையத்துக்கும்தான் சம்பந்தம். உலகத்து ராமில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்றே கம்பனிகள். ஏஐ சேர்வர்களுக்கு எச்பிஎம் என்ற ஒரு வகை ராம் வேண்டும். சிப்புகளை அடுக்கடுக்காக வைத்துச் செய்வது. அதில் ஒரு ஜிபி செய்யப் போகிற சிலிக்கன் தட்டில் சாதாரண ராம் கிட்டத்தட்ட மூன்று ஜிபி செய்யலாம். லாபம் எங்கே அதிகமோ தட்டு அங்கேதானே போகும். மைக்ரோன் 2025 டிசம்பரில், குரூஷியல் என்ற பெயரில் எங்களைப் போன்ற ஆட்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. என் கடையில் குரூஷியல் ராம் போட்ட இயந்திரங்கள் எத்தனை என்று எண்ணினால் கை வலிக்கும்.

எனவே "இப்ப 8 வாங்குவம், பிறகு கூட்டுவம்" என்ற எங்கள் பழைய கணக்கு இந்த வருடம் சரிவராது. அதோடு, மெல்லிய லப்டொப்புகள் பலவற்றில் ராமைப் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். பிறகு கூட்ட வழியே இல்லை. வாங்கும்போதே 16 இருக்க வேண்டும்.

அண்ணர் ரொறன்ரோவில் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன், வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். சிப்பின் பெயரில் முதல் இலக்கம் பெரிதாக இருப்பதை நம்பவேண்டாம். ஏஎம்டி ரைசன் 7000 வரிசை லப்டொப் சிப்புகளில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். உள்ளே இருப்பது எந்தக் காலத்துக் கட்டமைப்பு என்பதைச் சொல்வது அந்த இலக்கம். ரைசன் 5 7520யு என்றால் 2. 2019 இல் அறிமுகமான சென் 2 கட்டமைப்பு அது. 7530யு சென் 3, 7540யு சென் 4. பெட்டியில் மூன்றும் அண்ணன் தம்பி போல இருக்கும். அப்புறம், ஸ்னப்டிரகன் சிப் போட்ட விண்டோஸ் லப்டொப்புகள். பற்றரி நன்றாக நிற்கும், அது உண்மை. ஆனால் அவை ஆர்ம் வகை, வழமையான இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் இருந்து வேறான கட்டமைப்பு. உங்கள் வீட்டுப் பழைய பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்காமல் போகலாம், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கொடுக்கும் ஏதோ ஒரு மென்பொருள் முரண்டுபிடிக்கலாம். முதலாம் வருடப் பிள்ளைக்கு அந்த வில்லங்கம் வேண்டாம். கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்த விசைப்பலகை போட்ட மொடல்கள் உண்டு. என்ரர் விசை வேறு வடிவம், சில குறிகள் இடம் மாறி இருக்கும். ஆங்கில விசைப்பலகைதானா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்று கம்பனியின் இணையப் பக்கத்தில் மொடல் இலக்கத்தை வைத்துப் பார்க்க வேண்டும். விற்பவர் வாய்ச்சொல் போதாது. ஒன்ராறியோவில் 13 வீத வரியும் சேரும் என்பதால், அங்கே விளம்பரத்தில் தெரிகிற விலையை இங்கத்தைய விலையோடு நேராக ஒப்பிடவேண்டாம். எல்லாம் கூட்டிப் பார்த்தால் சில நேரம் இங்கேயே உத்தரவாதத்தோடு வாங்குவது மலிவு. அண்ணருக்கு மனம் நோகாமல் காசாக அனுப்பச் சொல்வது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு வேறு நிபுணர் வேண்டும்.

பாவித்த லப்டொப்பும் ஒரு வழிதான். அலுவலகங்களில் இருந்து கழித்து வரும் திங்பாட், லட்டிரியூட், எலைற்புக் போன்றவை கட்டமைப்பில் உறுதி. எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்கவேண்டாம் என்பது இப்போது உங்களுக்கே தெரியும். பற்றரி எப்படி என்று கடைக்காரரைக் கேட்பதில் பிரயோசனம் இல்லை. விண்டோஸிலேயே பற்றரி அறிக்கை எடுக்கலாம். புதிதாக இருந்தபோது கொள்ளளவு எவ்வளவு, இப்போது முழுதாகச் சார்ஜ் ஏறினால் எவ்வளவு என்று இரண்டு இலக்கம் வரும். பாதிக்குக் கீழே என்றால் பற்றரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

இனி இன்ரநெற். உங்கள் வகுப்பு அறுவது மேசையிலும் இல்லை, சேர்வரிலும் இல்லை, இடையில்.

ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கியது. நல்ல தொழில்நுட்பம், மறுக்கவில்லை. பழைய செய்மதி இணைப்புகள் பூமியில் இருந்து சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நின்றன. கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடிக்கு மேல். ஸ்டார்லிங்க் செய்மதிகள் 500 கிலோமீற்றர் அளவில் ஓடுவதால் அந்த இழுபறி இல்லை. சூம் வகுப்பு எடுக்கலாம். கேபிள் போகாத தீவுகளுக்கும் வன்னியின் உள்ளூர்களுக்கும் அது வரப்பிரசாதம்.

உங்களுக்கு? முதலில் உங்கள் வளவில் நின்று மேலே பாருங்கள். பனையும் தென்னையும் எத்தனை? ஸ்டார்லிங்க் தட்டுக்கு ஒரு திசை போதாது, செய்மதிகள் ஓடிக்கொண்டே இருப்பதால் வானத்தில் அகலமான ஒரு துண்டு திறந்திருக்க வேண்டும். ஒரு பனை குறுக்கே நின்றால் செய்மதி அதைக் கடக்கும்போதெல்லாம் சில விநாடி அறும். படம் பார்ப்பவருக்குத் தெரியாது. வகையீட்டை விளக்கிக்கொண்டிருக்கும்போது உங்களுக்குத் தெரியும். தட்டு வாங்க முதல் அவர்களுடைய செயலியைப் போனில் இலவசமாக இறக்கி, கமராவை வானத்தில் சுற்றிக் காட்டினால் எது மறைக்கிறது என்று சொல்லிவிடும். தட்டு போடுவதற்காகப் பனை தறிக்கிற எண்ணம் வந்தால் என்னிடம் சொல்லவேண்டாம். கூரைக்கு மேல் உயரமான குழாய் ஒன்று போட்டால் போதும். ஆனால் அந்தக் குழாய்தான் கார்த்திகை இடிக்கு உங்கள் ஒழுங்கையில் ஆக உயரமான இரும்பு என்பதையும் யோசியுங்கள். கொட்டும் மழையில் செய்மதி அலை வலுக்குறைவதும் உண்டு. மாதக் கட்டணமும் பைபரைவிடக் கூட.

இன்னொரு கணக்கு கரண்ட். ஸ்டார்லிங்கின் வழமையான தட்டு 75 முதல் 100 வாட் வரை இழுக்கும். சாதாரண 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி. பெருக்கினால் 84 வாட்-மணி. ஈயப் பற்றரி வேகமாக இறங்கும்போது முழுவதையும் தராது, யூபிஎஸ் தானும் கொஞ்சம் சாப்பிடும். அரை மணித்தியாலம் நின்றால் அதிசயம். பைபர் ரவுட்டர் இழுப்பது 8 முதல் 12 வாட்.

ஆகவே என் சொல்: தூண் வரை வந்த பைபரை வீட்டுக்குள் இழுங்கள். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது. பழைய செம்புக் கம்பி இணைப்புக் காலத்தில், ஒரு கார்த்திகை இரவு இடித்த இடியில் என் கடை மோடமும் அதனோடு கோர்த்திருந்த கணினியின் மதர்போட்டும் ஒன்றாகப் போயின. காலையில் போய்ப் பார்த்தால் ரெலிபோன் வயர் நுழையும் பொட்டு கரிந்து, சுவரில் கை விரல் பதித்ததுபோல ஒரு கறுப்பு. கரண்டுக்கு இருந்த பிளக்கைக் கழற்றிவிட்டுப் போயிருந்தேன், ரெலிபோன் வயரை மறந்துவிட்டேன். பைபரில் அந்த வழி இல்லை. கரண்ட் வயர் வழியாக வருவது இப்போதும் வரும், இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றத்தான் வேண்டும்.

வகுப்பு எடுப்பவர் நீங்கள் என்பதால் பக்கேஜ் எடுக்கும்போது இறங்கு வேகத்தை விட்டு ஏறு வேகத்தைக் கேளுங்கள். உங்கள் முகமும் பலகையும் மேலே போவது அதில்தான். நல்ல தரமான சூமுக்கு ஏறு வேகம் 3 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் போதும். 4ஜி சிம்மைத் தூக்கி எறியாதீர்கள், பைபர் அறுந்தால் போனில் ஹொட்ஸ்பொட் போட அது வேண்டும்.

ரவுட்டருக்குச் சின்ன டிசி யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள், புத்தகம் அளவு பெட்டி. இதிலும் ஒரு கணக்கு ஏமாற்று உண்டு. கணக்கு ரீச்சருக்கு நான் சொல்லித்தருவதா என்று நினைக்கவேண்டாம். பெட்டியில் 10,400 மில்லி அம்பியர்-மணி என்று போட்டிருக்கும். ரவுட்டர் 12 வோல்ட் என்பதால் 10.4 ஐ 12 ஆல் பெருக்கி 125 வாட்-மணி, பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் என்பார் கடைக்காரர். அந்த இலக்கம் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் செல்லுக்குரியது. 10.4 ஐ 3.7 ஆல் பெருக்குங்கள். 38 சொச்சம். 12 வோல்டுக்கு ஏற்றுவதில் கொஞ்சம் இழப்பு. 8 வாட் ரவுட்டரை நாலு மணித்தியாலம் ஓட்டும். அதுவே உங்கள் வகுப்புக்குத் தாராளம். லப்டொப்புக்குத் தன் பற்றரி இருக்கிறது, மேசைக் கணினிக்கு மட்டும் ஒரு சாதாரண யூபிஎஸ். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் எங்களது, வாட் கணக்கு எங்களுக்குப் புதிது இல்லை.

வைபை 7 ரவுட்டரை அண்ணர் அங்கேயே விட்டுவிடலாம். அதன் கூடிய வேகம் 6 கிகாஹேர்ட்ஸ் அலையில் இருக்கிறது. அலை உயர உயரச் சுவரைத் துளைப்பது குறையும். உங்கள் வீடு பழைய சுண்ணாம்புக்கல் வீடு என்றால் ஒரு சுவருக்கே அது கும்பிடு போட்டுவிடும். அதைப் பிடிக்கக் கூடிய கருவியும் உங்களிடம் இல்லை. ரவுட்டரை விறாந்தை மூலையில் வைத்துவிட்டு உள் அறையில் வகுப்பு எடுப்பவர்கள்தான் எனக்குக் கூடுதலாகப் போன் எடுக்கிறார்கள். நடு ஹோலில் உயரமாக வையுங்கள். மேசைக் கணினிக்கு நேரே ஒரு கட் 6 நெற்வேர்க் வயர் இழுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு வைபை எந்த இலக்கமாக இருந்தாலும் உங்களுக்குக் கவலை இல்லை.

இவ்வளவு செய்தும் லண்டன் பிள்ளைகள் இருவருக்கும் மட்டும் ஒருநாள் அறுந்தால், ரவுட்டரைக் கழற்றிப் பூட்டிக் களைக்கவேண்டாம். பருத்தித்துறைக்கு நேரே கடலுக்கு அப்பால் இந்தியா இருந்தாலும், உங்கள் குரல் தெற்கே கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம் போய்த்தான் கடலடிக் கேபிளில் இறங்குகிறது. ஐரோப்பாவுக்கான பாதை செங்கடல் வழி. 2025 செப்டெம்பரில் ஜெத்தாவுக்குக் கிட்ட, இலங்கையில் கரையேறும் சீ-மீ-வீ 4 உட்படச் சில கேபிள்கள் அறுந்தபோது, வன்னிக்குத் துப்பரவாகப் போன வகுப்பு லண்டனுக்கு இழுபட்டது. அன்று வகுப்பைப் பதிவுசெய்து அனுப்பிவிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

விறாந்தைப் பற்றரியை மறக்கவில்லை. அது ஈயமும் அசிட்டும். நிமிர்த்தி வைத்து, முனைகளில் இன்சுலேசன் ரேப் ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கிணற்றடியில் உடைத்து ஊற்றிவிட வேண்டாம், எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள் எது ஊற்றினாலும் கிணற்றுக்குத்தான் போகும். பழைய இரும்பு வாங்க ஒழுங்கையால் வருபவர் விலை சொல்வார். பற்றரிக் கடையில் புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் அதைவிடக் கொஞ்சம் கூடக் கழிப்பார்கள். யூபிஎஸ் பெட்டியை எறியாதீர்கள், பற்றரி மட்டும் மாற்றினால் அது இன்னும் ஓடும்.